கப்பல் போன பிறகு

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் முதலில் கணக்கைத்தான் எழுதுவார்கள். நானும் எழுதிவிடுகிறேன். 1964 அக்டோபர் 30ஆம் திகதி டில்லியில் கையெழுத்து. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளி நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று தலை எண்ணி, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, 15 வருஷத்தில் முடிப்பது என்று பேசி முடித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கினார்கள். அந்த மிச்சத்தையும் 1974இல் சிறிமாவோ அம்மையாரும் இந்திரா காந்தி அம்மையாரும் ஆளுக்கு 75,000 என்று பாதி பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்து ஆட்களில் ஒருவரையும் கேட்கவில்லை.

இந்தக் கணக்கை மே தினக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டே நான் வளர்ந்தேன். இந்தியாவுக்குக் கப்பல் போன பிறகு தோட்டத்து லயத்தில் நின்றவர்கள் என்ன செய்தார்கள், புருஷன் போன பொம்பளை எப்படிப் பிழைத்தார், பெண்டாட்டி இல்லாத ஆம்பளை யாருடன் குடித்தனம் வைத்தார் என்பதை மட்டும் எந்தக் கூட்டத்திலும் யாரும் பேசிக் கேட்டதில்லை. பேசினால் மானக்கேடு என்று நினைத்தார்களோ என்னவோ. என் அம்மா அப்படி இரண்டாவது குடித்தனம் வைத்தவர். அவர்களுடைய லயக் காம்பராவில்தான் நான் படித்து ஆசிரியை ஆனேன். ஓய்வு பெற்ற பிறகு இதை எழுதுகிறேன். அம்மா இருந்திருந்தால், "ஒனக்கு வேற வேல இல்லையா" என்று கேட்டிருப்பார். எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார்.

எங்கள் தோட்டம் மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே. குடும்பம் இரண்டாகப் பிரிந்தது 1971இல் என்றாலும் அதற்கான கோடு 1949இலேயே போட்டாகிவிட்டது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷம் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், வேண்டுமானால் மனுப் போடுங்கள் என்றது. கல்யாணமானவர்கள் 1946 ஜனவரி 1க்கு முன் 7 வருஷமும், ஆகாதவர்கள் 10 வருஷமும் இந்த நாட்டில் விட்டுவிடாமல் இருந்ததைக் காட்ட வேண்டும். மனைவி பிள்ளைகளும் இங்கேதான் இருந்தார்கள் என்று காட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழே இல்லாத ஜனங்களிடம் கேட்ட கேள்வி இது. இந்தியாவில் ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டவர்கள் எல்லாம் அதில் அடிபட்டார்கள். 8,25,000 பேருக்காக மனுக்கள் போயின. ஒப்பந்தம் வந்த 1964 வரை பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்குத்தான்.

அம்மாவின் அப்பா அந்தச் சிறு கூட்டத்தில் ஒருவர். ஸ்டோரில் வேலை செய்தவர், பழைய கடுதாசி ஒன்றையும் எறியமாட்டார். அவருடைய சான்றிதழில் அம்மாவின் பெயரும் ஏறியது. அப்பாவின் அப்பா, துறையூர்ப் பக்கம் ஒரு காணி வழக்குக்காகப் போய் ஒன்றரை வருஷம் தங்கிவிட்டு வந்தவர்; அவருடைய மனு தள்ளுபடி. அந்தக் காணியும் கிடைக்கவில்லை. இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் 1959இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம் முடித்தபோது, யாரிடம் எந்தக் கடுதாசி இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. சாதி பார்த்தார்கள், முறை பார்த்தார்கள், ராசிப் பொருத்தம்கூடப் பார்த்தார்கள்.

ஒப்பந்தம் வந்ததும் இலங்கையில் இருக்க மனுப் போட்டவர்கள், ஒதுக்கிய 3 இலட்சத்தைவிட எத்தனையோ அதிகம். இந்தியாவுக்கு மனுப் போட்டவர்கள் 5,25,000ஐ எட்டவே இல்லை. ஆனாலும் ஒரு முறை தள்ளுபடியான குடும்பத்துக்கு நம்பிக்கை இருக்காது. தாத்தா தன் பிள்ளைகள் எல்லாருக்குமாகச் சேர்த்து இந்தியாவுக்கு மனுப் போட்டார். அப்பா மூத்த மகன். அப்பனுக்கு மறுத்துப் பேசி வளர்ந்தவர் இல்லை. கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகத்துக்கு அவர்கள் நடையாய் நடந்தார்கள். பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் வந்தன. குடும்ப அட்டையில் தாத்தா, பாட்டி, அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைமார். அம்மா இலங்கைப் பிரஜை. அவர் போக வேண்டுமென்றால் இலங்கைப் பாஸ்போர்ட்டும் விசாவும் தனியாக எடுக்க வேண்டும். கொழுந்து எடுக்கிற பொம்பளைக்கு அதைக் கொழும்புக்குப் போய் யார் எடுத்துக்கொடுப்பார்?

"நான் போயி ஒரு எடம் புடிச்சிட்டுக் கடுதாசி போடுறேன் புள்ள. நீ புள்ளைகள கூட்டிக்கிட்டு வா" என்று அப்பா சொன்னார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. அவர் அப்படித்தான் நம்பிப் போனார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அட்டன் ஸ்டேஷனில் அந்த வருஷங்களில் கோச்சிக்கு நின்ற கூட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சாவு வீட்டில் வைக்கிற ஒப்பாரியைப் பிளாட்பாரத்தில் வைத்தார்கள். தகரப் பெட்டி, அம்மிக் குழவி, சாமிப் படம், ஒரு மூட்டை தேயிலை. பொல்கஹவெலவில் இறங்கி வேறு கோச்சி பிடித்து, அநுராதபுரம் தாண்டித் தலைமன்னார் போய், ராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம். முன்னோர்கள் வந்த வழி தனுஷ்கோடி. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடிவதற்குள் 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. திரும்பிப் போனவர்களுக்கு வந்த வழியும் இல்லை.

மண்டபம் முகாமிலிருந்து அப்பாவின் கடுதாசி வந்தது. நீலகிரியில் தேயிலை வேலை கிடைக்கலாம் என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு கடுதாசி குறைந்து, 1972 கடைசியில் நின்றுவிட்டது.

இந்த மலையில் குடும்பம் உடைவதும் மறுபடி கூடுவதும் ஒப்பந்தத்தோடு தொடங்கிய கதை இல்லை. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காடு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆம்பளைகள். பழம் பறிக்கிற காலம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள், அல்லது வழியில் செத்தார்கள். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து, பத்துப் பதினைந்து வருஷத்தில் கோப்பி ஒழிந்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை மலை திரும்பும், வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பொம்பளை வேண்டும், பொம்பளை நிற்க வேண்டுமென்றால் குடும்பம் நிற்க வேண்டும். அப்படித்தான் வெள்ளைக்காரத் துரை எங்களைக் குடும்பத்தோடு லயத்தில் வைத்தான். எங்கள் மேல் இருந்த பாசத்தால் இல்லை.

அதில் அவன் நினைக்காத ஒரு காரியம் நடந்தது. தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் பொம்பளைக்குத் தனியாக ஒரு பேர் விழுந்தது. புருஷனுடைய பேருக்குக் கீழே இல்லை, தனி நம்பரில், தனி வரியில். கூலி குறைவு. கங்காணியின் கடனும், அந்தக் கடனை எழுதிய துண்டும் வேறு. 1921இல் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழிக்கிறவரை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகக்கூடக் கடனைத் தீர்க்க வேண்டியிருந்தது. இருந்தாலும் அந்த வரி இருந்தது. புருஷன் செத்தாலும், ஓடிப்போனாலும், கப்பலேறினாலும், மறுநாள் காலையில் ஆள் எண்ணுகிற பிரட்டுக்குப் போனால் அவளுக்குப் பேர் விழும். பேர் விழுந்தால் காம்பரா போகாது. தாலியறுத்தவள் அண்ணன் வீட்டுத் திண்ணையில் கிடக்க வேண்டிய தேவை இங்கே குறைந்தது அதனால்தான் என்பது என் முடிவு. மலையக மக்களின் மனசு விசாலமானது என்று பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மனசை நான் மறுக்கவில்லை. பேர் முதலில், மனசு பிறகு.

அந்தப் பேருக்கு வந்த காசு அவள் கைக்கு வந்ததா என்பது வேறு கதை. எங்கள் பக்கம் சம்பள நாளில் ஆம்பளைதான் ஆபிஸுக்குப் போய் இரண்டு பேர் சம்பளத்தையும் வாங்குவார். பொம்பளை அந்த நேரம் மலையில் நிற்பார். ரேச்சல் குரியன் எழுதி 1982இல் சர்வதேச தொழில் அமைப்பு வெளியிட்ட ஆய்வில் இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது. படித்தபோது, எங்கள் லயத்துக்கு வந்து பார்த்து எழுதியதைப் போல இருந்தது.

அப்பா போன மாதம் அம்மாவின் சம்பளத்தை மாமாதான் வாங்கிவந்தார். அடுத்த மாதம் அம்மாவே போனார். கொழுந்துக் கூடையை மடுவத்தில் போட்டுவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல், ஆம்பளைகள் வரிசையில் போய் நின்றார். முன்னால் நின்ற ஒருவர், "என்ன தங்கச்சி, நீயா வந்த?" என்று கேட்டாராம். "என் பேருக்கு நான்தானே வரணும்" என்று அம்மா சொன்னதை மாமா பல வருஷம் சொல்லிச் சிரிப்பார். காசை எண்ணி, பொட்டலமாகச் சுருட்டி, இடுப்பில் செருகினார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவர் சம்பளத்தை வேறு யாரும் வாங்கவில்லை.

1973, 74 வருஷங்கள் வந்தன. அந்தப் பஞ்சத்தை அனுபவித்தவர்கள் கூடுதலாகப் பேசமாட்டார்கள். அரிசி இல்லை, மாவு கிடைத்தால் ரொட்டி, கிடைக்காத நாள் மரவள்ளிக் கிழங்கு, அதுவும் இல்லாத நாள் கீரையைப் பிடுங்கி அவித்துத் தின்றது. தோட்டங்கள் கைமாறிக்கொண்டிருந்த காலம். 1972 காணிச் சீர்திருத்தம், 1975இல் கம்பெனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்தது. வேலை நாள் குறைந்தது. லயத்துக்கு லயம் சாவு விழுந்தது. மேல் டிவிசனில் கவ்வாத்து வேலை செய்கிற ஒருவரின் மனைவி, பிள்ளை பெற்று மூன்றாம் நாள் இறந்துபோனார். பிள்ளையும் நிற்கவில்லை. அந்தக் கவ்வாத்துக்காரரைத்தான் நான் பிறகு சின்னையா என்று கூப்பிட்டேன்.

அவரை எனக்கு அதற்கு முன்பே தெரியும். தோட்டத்துக்கே தெரியும். காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுகிறவர் அவர்.

காமன் கூத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரை ராத்திரியில் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டபடி இருக்கும். ரதிக்கும் மதனுக்கும் கல்யாணம் நடக்கும், தோட்டமே சம்பந்தி. பிறகு தூதன் வருவான், சிவனுடைய தவத்தைக் கலைக்க மதன் போவான், ரதி போகாதே என்று மறிப்பாள். பௌர்ணமி ராத்திரி சிவன் நெற்றிக் கண்ணைத் திறக்க, கம்பம் எரியும். ரதி வெள்ளைச் சீலையில் வந்து புலம்புவாள். மூன்றாம் நாள் மதனை எழுப்புவார்கள். எழும்பி வருகிறவன் ரதி கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான் என்பது கதை. தமிழ்நாட்டில் தஞ்சாவூர் பக்கம், மதன் எரிந்தானா எரியவில்லையா என்று கட்சி கட்டி லாவணி பாடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்களுக்கு அந்த வழக்கு இல்லை; மதன் எரிந்தான், ரதி அழுதாள், அதில் சந்தேகம் ஏது?

ரதி வேஷம் ஆம்பளைதான் கட்டுவார். விரதம் இருந்து காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். சின்னையாவுக்கு உயரமும் இல்லை, முக லட்சணமும் இல்லை. கவ்வாத்துக் கத்தி பிடித்து உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போயிருக்கும். வளையலை ஏற்றுவதற்குச் சவர்க்காரம் போட வேண்டும். ஆனால் சீலை கட்டினால் அவ்வளவு நறுவிசு. கொசுவம் ஒன்று கலையாது.

1975 மாசிக் கூத்து. அவருடைய மனைவி இறந்த பிறகு வந்த முதல் கூத்து. இந்த வருஷம் வேஷம் வேண்டாம் என்று தலைவர் சொல்லிப்பார்த்தார், அவர் கேட்கவில்லை. கம்பம் எரிந்ததும் வெள்ளைச் சீலையில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாகப் பாடுகிற புலம்பலைப் பாதியில் விட்டுவிட்டு, செத்துப்போன மனைவியின் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தார். தப்பு நின்றது. கூத்து வாத்தியார் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். சுற்றி நின்ற பொம்பளைகள் அழுதார்கள். அந்தப் பொட்டலில் அன்றைக்குப் புருஷன் கப்பலேறிப்போன பொம்பளைகள் எத்தனை பேர், பஞ்சத்தில் பிள்ளையைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! நாலு வருஷமாகக் கூத்துப் பக்கமே போகாத அம்மா அன்றைக்குப் போயிருந்தார், நானும் கூட இருந்தேன். பக்கத்தில் அம்மாவைப் பெற்ற பாட்டி. அம்மா அழவில்லை. அந்த மனுஷனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது, யார் முதலில் பேசினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு யாரும் சொல்லமாட்டார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எங்கள் காம்பராவின் இஸ்தோப்பில் மழைத் தண்ணீர் ஒழுகும். ஒரு நாள் கூரைத் தகரத்தை மாற்றிப் போட்டிருந்தது. பீலிக்குப் போகிற வழியில் சறுக்கி விழாமல் இருக்கப் படி வெட்டியிருந்தது. குளிர் காலத்தில் அம்மாவுக்கு இழுப்பு வரும்; கவ்வாத்து மலையிலிருந்து தேயிலைக் கட்டை கட்டாகக் கட்டி வாசலில் கிடந்தது, ராத்திரி முழுக்க அடுப்பு அணையாமல் இருக்க. தோட்டத்தில் பூ வாங்கிக் கொடுக்கிறவர்கள் குறைவு. விறகு கொண்டுவந்து போட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

பஞ்சாயத்துக் கூடியது. தலைவர், பெரிய கங்காணியின் மகன், மாமா, பாட்டி. முதல் கேள்வி அப்பாவைப் பற்றி. புருஷன் உயிரோடு இருக்கும்போது இன்னொரு கட்டா என்று ஒருவர் கேட்டார். கடுதாசி நின்று எத்தனை வருஷம் என்று தலைவர் கேட்டார். இரண்டு வீட்டாரும் ஒரே சாதி இல்லை என்பது அடுத்த கேள்வி; மாமா அதில்தான் கொஞ்சம் முறுக்கினார். அதுவரை பேசாமல் இருந்த பாட்டி, "சீல கட்டி ஊரு முன்னால அழுவுற ஆம்பள, பொம்பளைய அடிக்கமாட்டான். எம் மகளுக்கு அது போதும்" என்றார். கூட்டம் சிரித்துவிட்டது. மாமாவும் சிரித்தார். மாரியம்மன் முன்னால் மஞ்சள் கயிறு. மேளமும் இல்லை சாப்பாடும் இல்லை. எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தார்கள், சீனி தட்டுப்பாடு என்பதால் ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி.

அப்படிக் கட்டிக்கொண்டவர்கள் எங்கள் தோட்டத்தில் மட்டும் பல பேர். எல்லாம் நல்லபடி நடந்ததென்று எழுதினால் பொய். குடிகாரனிடம் மாட்டியவர்கள் உண்டு. முதல் தாரத்துப் பிள்ளைகளைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டுக் குடித்தனம் நடத்தியவர்கள் உண்டு. என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்த ஒருத்தி அப்படிப் போனாள், திரும்பி வரவில்லை. 1977, 1981, 1983 வன்செயல்களுக்குப் பயந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்களில், இப்படிச் சேர்ந்த ஜோடிகளும் இருந்தார்கள். காந்தியம் அமைப்பு அவர்களில் பலரைக் குடியமர்த்தியது. அங்கே அவர்களுக்கு மூன்றாவது தடவையும் எல்லாம் போனது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

சின்னையா எங்களுக்கு நல்லவராகவே வாய்த்தார். அதிகம் பேசமாட்டார். தம்பியைப் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிப் போவார். என்னை ஏழாம் வகுப்போடு நிறுத்திப் பேர் பதியலாம் என்று மாமா சொன்னபோது, "புள்ள படிக்கட்டும் மச்சான், நான் ஞாயித்துக் கெழமையும் கைக்காசுக்குப் போறேன்" என்றார். போனார். சம்பள நாளில் ஆபிஸ் வரிசையில் அவருக்குப் பின்னால் அம்மா தனியாக நிற்பார். அவர் ஒரு நாளும் அம்மாவின் கவரைக் கேட்டதில்லை. மற்ற ஆம்பளைகள் கேலி செய்தார்கள். இவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நிற்பார். 1984 வேலை நிறுத்தத்துக்குப் பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்று ஆனது. நூறு வருஷத்துக்கு மேல் கொழுந்தெடுத்த பிறகு! அந்த முதல் சம்பளத்தன்று அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு கவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கைக்காசும் சேர்த்து அம்மாவின் கவரில் கூடுதலாக இருந்தது. "இனிமே நீங்க எனக்கு ரதி" என்றார் அம்மா. சின்னையா சிரித்து நான் பார்த்த சில நாட்களில் அது ஒன்று.

கல்யாணத்தை அவர்கள் பதியவில்லை. முதல் கல்யாணமும் பதியவில்லைதான். இலங்கைச் சட்டத்தில் எங்களுடையதைப் போன்ற கல்யாணங்களுக்குப் பதிவு கட்டாயமில்லை, வழக்கப்படி நடந்தாலே செல்லும். பார்க்க வசதியாகத்தான் இருக்கும். யாராவது செத்த பிறகுதான் வசதிக் குறைவு தெரியும். சின்னையா போனபோது ஊழியர் சேமலாப நிதிக் காசுக்கு உரிமை கேட்டு, அதுவரை நாங்கள் பார்த்தே இராத ஒரு தம்பி மகன் வந்தார். சேமலாப நிதிக் கடுதாசியில் சின்னையா எப்போதோ அம்மாவின் பெயரைப் பின்னுரித்தாளியாகப் போட்டிருந்தார். முறை என்ற இடத்தில் "மனைவி". அந்த ஒரு கடுதாசி இல்லையென்றால் அம்மாவுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. எத்தனையோ பேருக்குக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் படிவம் நிரப்பிக்கொடுத்த எத்தனையோ பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில், பெற்றோர் விவாகமானவர்களா என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தது. இருபது வருஷம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்ட ஜோடிகளின் பிள்ளைகள் அவர்கள்.

அப்பாவின் கதையையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு அரசு 1968இல் தாயகம் திரும்பியவர்களுக்காக நீலகிரியில் தேயிலை போட ஆரம்பித்தது. பிறகு அது டான்டீ என்ற தேயிலைத் தோட்டக் கழகமானது. 1969இல் ரெப்கோ வங்கி வந்தது. திட்டங்களைக் கேட்டால் ஏதோ நல்ல காரியம்தான். போனவர்களில் பாதிக் கதை அந்தத் திட்டங்களுக்கு வெளியே நடந்தது. கொடைக்கானல் பக்கம் காட்டு வேலையில் கொத்தடிமையாகக் கிடந்தவர்கள் இருக்கிறார்கள். அப்பா முதலில் அப்படி ஒரு காட்டு முகாமில் சிக்கியிருக்கிறார். கடுதாசி நின்றது அங்கேதான். ஒப்பந்தக்காரனிடமிருந்து தப்பி, கூடலூர் பக்கம் டான்டீ வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் சில வருஷம் ஓடிவிட்டது. அங்கிருந்து எழுதிய கடுதாசி எங்களுக்கு வரவில்லை, அல்லது வந்து யாரோ கொடுக்கவில்லை. 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. அவரும் அங்கே ஒரு குடித்தனம் வைத்தார். புருஷனை இழந்து கண்டிப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து கப்பலேறி வந்த பெண்.

யுத்தம் முடிந்த பிறகு, இராமேஸ்வரம், பழநி என்று தலயாத்திரை போனபோது கூடலூருக்கும் போனேன். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அந்த அம்மாவைச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டேன். வேறு எப்படிக் கூப்பிடுவது? டான்டீ லயம் எங்கள் லயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அங்கே அவர்களை இன்னும் சிலோன்காரர் என்கிறார்கள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார், எங்கள் பக்கத்துச் சாயம், பால் இல்லாமல். தம்பி முறையான பையன் கொழுந்துக் கணக்கு எழுதுகிறான். பேச்சு எதுவும் ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவுக்குக் குளிர் காலத்தில இழுப்பு வருமாமே, இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

அப்பா சொல்லாமல் அவருக்கு அது தெரிந்திருக்காது. ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்ல பொம்பளதான் கெடச்சிருக்கு" என்றார். பிறகு, "அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான் பேச்சு. யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை என்பது அம்மாவுக்கு என்னைவிட முன்பே தெரிந்திருக்கிறது. துரோகம் செய்தவர்கள் டில்லியிலும் கொழும்பிலும் இருந்தார்கள்.

1964க்கு முன்பிருந்தே இங்கே இருந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை என்று 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்து, நாடற்றவர் என்ற பட்டம் ஒருவழியாகப் போனது. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். கம்பளைக்குப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயத்தையே அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். பொருட்கள் சேர்ந்துவிட்டன, சட்டங்களின் கதையும் எழுதியாகிவிட்டது. ஒப்பந்தக் காலத்தில் இரண்டாவது குடித்தனம் வைத்தவர்களின் கதையை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அவர்களில் உயிரோடு இருப்பவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். உங்கள் தோட்டத்தில், உங்கள் குடும்பத்தில் ஒருவர் இருந்தால் இந்த வருஷமே போய்க் கேட்டு எழுதிவையுங்கள். ஆம்பளைகள் தனியாகப் போகாதீர்கள், கூட ஒரு பொம்பளையை அழைத்துக்கொண்டு போங்கள். எடுத்த எடுப்பில் கல்யாணத்தைக் கேட்டால் வாயைத் திறக்கமாட்டார்கள். சம்பள நாளில் ஆபிஸுக்கு யார் போனது என்று கேளுங்கள். மிச்சத்தை அவர்களே சொல்வார்கள்.